பொதுக் களஞ்சியமும் கடைமடைக் குடியானவனும்

பொதுச் சொத்து என்று ஒன்றைச் சொன்ன மாத்திரத்தில், அதன் பயன் எல்லோருக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேரும் என்று எண்ணிவிடுவது நமது ஜனங்களின் வழக்கம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை அறிய விரும்புவோர் ஊசுட்டேரிக் கரையில் சிறிது நேரம் நின்று யோசிப்பார்களாக. ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி புதுச்சேரிப் பிரதேசத்து ஏரிகளுள் பெரியது. ஏறத்தாழப் பாதி புதுச்சேரிக்கும் மற்றப் பாதி தமிழ்நாட்டுக்கும் உரியது. சங்கராபரணி நதியின் நீர் வாய்க்கால் வழியாக வந்து அதை நிரப்புகிறது. ஏரி ஒன்றே, நீரும் ஒன்றே. ஆயினும் எந்த ஏரிப் பாசனத்திலும் மதகடி வயலுக்கு நீர் தானே பாய்கிறது. கடைமடை வயலுக்கோ, வாய்க்காலில் தூர் எடுத்து, மடை திறந்து, முறை வைத்து, ஒருவன் நீரின் கூடவே நடந்து சென்றாலன்றி அது போய்ச் சேருவதில்லை. ஏரி பொது என்பது பத்திரத்தில் எழுதிய வார்த்தை. கடைமடை நனைந்ததா என்பதே கேள்வி.

சென்ற மாதம் இந்த ஏரியைக் கடந்து நாம் சேதராப்பட்டுக்குப் போயிருந்தோம். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த அவ்வூர், தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தை ஒட்டிய எல்லைக் கிராமம். அங்கே தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரால் அப்பக்கத்தில் பல நூறு ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த கதையையும் வாசகர்கள் அறிவார்கள். பொது நன்மைக்கென்று எடுத்த பொருள் பொதுஜனங்களுக்குப் பயன்படாமலே கிடப்பது எப்படி என்பதை அவ்வூரார்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தொழிற்பேட்டையில் நமது நண்பர் ஒருவர், தண்ணீர்ப் பம்ப்புகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மகள் இஞ்சினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். பம்ப்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரின் வடிவத்தைச் சற்று மாற்றினால் மின்சாரச் செலவு குறையுமா என்று பார்க்க அவளுக்கு ஆசை. வார்ப்படம் வார்த்து வார்த்துப் பார்ப்பதானால் பணம் கரையும். கணினியில் நீரோட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பதானால் பணம் மிச்சம். அதற்குரிய அந்நியக் கம்பெனி மென்பொருளை வாங்கும் சக்தி பட்டறைக்கு இல்லை. ‘ஓப்பன்ஃபோம்’ என்னும் மென்பொருள் இலவசமாகவும் மூல வடிவத்தோடும் கிடைக்கிறது. கல்லூரியில் பல கணினிகளை இணைத்து வைத்த தொகுதி ஒன்றும் இருக்கிறது. பின் தடை என்ன? அந்தத் தொகுதியில் அம்மென்பொருளை ஏற்றி ஓடவிடுவதற்கே அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒன்று இருந்தால் அதற்கு வேண்டிய இன்னொன்று இல்லை. அது கிடைத்தால் பதிப்பு ஒத்துவரவில்லை. விஷயம் தெரிந்த ஒரே உத்தியோகஸ்தர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

நண்பர் சிரித்துக்கொண்டே நம்மிடம் கேட்டார்: “உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கிறது, காசு வேண்டாம் என்கிறாள் ஐயா. காசு வேண்டாத சரக்கை வீட்டுக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆகிறதே! அப்படியானால் அந்தப் பொதுச் சரக்கு யாருக்காகத்தான் இருக்கிறது?”

கோர்ட்டிலே நாம் கேட்ட குறுக்கு விசாரணைகள் பல. இத்தனை கூர்மையான கேள்வியைக் கேட்டது குறைவு. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களஞ்சியம் என்பது யாது?

நம் சட்டைப் பையில் உள்ள தொலைபேசியில் ஒரு மென்பொருளை ஏற்றுவது விரலால் தொடும் காரியம். மீத்திறன் கணினி, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர், அத்தன்மையதன்று. அது ஆயிரக்கணக்கான சில்லுகளை ஒன்றாகப் பூட்டிய தேர். எல்லாச் சில்லுகளும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒன்றோடொன்று செய்தி பரிமாற வேண்டும். ஆகவே ஒரு பெரிய மென்பொருள் தனியாக நிற்பதில்லை. மூல நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒன்று வேண்டும். செய்திப் பரிமாற்றத்திற்கு ‘எம்.பி.ஐ.’ முறைப்படி அமைந்த நூலகம் வேண்டும். கணித நூலகங்கள் வேண்டும். விவரங்களைச் சேமிக்கும் நூலகங்கள் வேண்டும். இவை ஒவ்வொன்றும் இன்ன பதிப்பாக இருந்தால்தான் மற்றதோடு சேரும். அச்சுக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். எழுத்து ஒரு ஃபவுண்டரியிலும், மை ஒரு கடையிலும், காகிதம் மற்றொரு மில்லிலும் வாங்கி, ஒன்றுக்கொன்று ஒத்துவராமற்போனால் பத்திரிகை வெளிவராது. ஒவ்வொன்றும் தனித்தனியே உயர்ந்த சரக்காயிருந்தும் பயனில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கடையில் தைத்து வைத்த சட்டை எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும். ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது. மென்பொருளும் அவ்வாறே. அந்தந்தச் சில்லுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் கட்டினால்தான் முழு வேகம் வரும். அளவெடுத்துத் தைப்பதற்குத் தேர்ந்த தையற்காரன் வேண்டும். உலகிலுள்ள நூற்றுக்கணக்கான கணினி நிலையங்களில், நூற்றுக்கணக்கான தையற்காரர்கள் ஒரே சட்டையைத் தனித்தனியே தைத்துக்கொண்டிருந்த வீண் உழைப்பைப் போக்கவே பொதுக் களஞ்சியங்கள் தோன்றின.

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. 1985-ல் ஜாக் டொங்காரா, எரிக் கிராஸ் என்னும் அமெரிக்க நிபுணர்கள் ‘நெட்லிப்’ என்ற கணித நிரல் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். மின்னஞ்சலில் எழுதிக் கேட்டவர்க்கு நிரல் தபாலில் வருவதுபோல் வந்தது. பின்னர் 2009-ல் பெல்ஜியத்துக் கென்ட் சர்வகலாசாலையில் ‘ஈஸிபில்ட்’ பிறந்தது. 2013-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிசாலையில் டாட் காம்ப்ளின் என்பவர் ‘ஸ்பாக்’ என்பதைத் தொடங்கினார். இவை மென்பொருளின் சமையற் குறிப்புகள் என்று சொல்லலாம். எந்தப் பண்டம் எந்தெந்தப் பதார்த்தங்களோடு, எந்தப் பக்குவத்தில், எந்த அடுப்பில் என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். ஒரு வரியில் கட்டளையிட்டால் குறிப்பின்படி அனைத்தும் தானே கட்டப்படுகின்றன. ஸ்பாக் களஞ்சியத்தில் இன்று 8,000-க்கு மேற்பட்ட மென்பொருள்களின் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை எழுதிச் சேர்த்தவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

2020-க்குப் பின் ஐரோப்பியர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ‘ஈ.ஈ.எஸ்.எஸ்.ஐ.’ என்னும் அவர்களுடைய கூட்டு முயற்சியில் குறிப்பு மட்டுமல்ல, சமைத்த அன்னமே கிடைக்கிறது. பலவகைச் சில்லுகளுக்கும் அளவெடுத்துக் கட்டிய மென்பொருள்களை ஓரிடத்தில் வைத்து, ஜினீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம் வகுத்த ஒரு கோப்பு முறையின் மூலம் உலகெங்கும் விநியோகிக்கிறார்கள். முழுச் சரக்கையும் இறக்க வேண்டுவதில்லை. எந்தக் கோப்பு எப்போது வேண்டுமோ அது அப்போது வந்து சேரும். வந்தது உள்ளூரிலே சேமிப்பாகவும் நிற்கும். மகா இயந்திரத்தில் எது இருக்கிறதோ அதுவே மாணவன் மடிக்கணினியிலும் இருக்கும். கனடா தேசம் இதே கோப்பு முறையில் தன் தேசியக் கணினி நிலையங்கள் அனைத்துக்கும் ஒரே களஞ்சியத்தை நடத்திவருகிறது.

இயந்திரம் வந்தது, பிறகு?

நமது தேசம் இவ்விஷயத்தில் பட்ட அவமானமும் பெற்ற வெற்றியும் மறக்கத் தக்கனவல்ல. 1980-களில் உயர்ந்த ரகக் ‘கிரே’ கணினியை நாம் விலைக்குக் கேட்டபோது அமெரிக்க ஸர்க்கார் மறுத்து, அதனிலும் குறைந்ததொன்றை வானிலைக் காரியத்துக்கென நிபந்தனை விதித்துக் கொடுத்தது. அந்த மறுப்பே நமக்கு உபகாரமாயிற்று. 1988-ல் ஸி-டாக் ஸ்தாபனம் ஏற்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் ‘பரம் 8000’ வெளிவந்தது. 2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் வகுக்கப்பட்டது. அதன்கீழ் 2019-ல் காசி இந்து சர்வகலாசாலையின் ஐ.ஐ.டி.யில் ‘பரம் சிவாய்’, 2022-ல் பெங்களூரில் ‘பரம் பிரவேகா’, அதே ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் ‘பரம் பொருள்’ என வரிசையாக நிறுவப்பட்டன. திருச்சி இயந்திரத்தின் சக்தி 838 டெராஃப்ளாப். அதாவது ஒரு வினாடியில் எட்டுக் கோடி கோடிக்கு மேற்பட்ட கணக்குகள். 2025 மார்ச்சில் ஸர்க்கார் கூறிய கணக்குப்படி இத்திட்டத்தின் இயந்திரங்கள் 34. மொத்தச் சக்தி 35 பெட்டாஃப்ளாப்.

இவையெல்லாம் நெஞ்சு நிமிரச் செய்யும் செய்திகளே. ஆனால் அதே ஸர்க்கார் கணக்கிலே இன்னொரு விவரமும் இருக்கிறது. இந்த இயந்திரங்களால் பயனடைந்த ஆராய்ச்சியாளர் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்கள் 200-க்கு மேற்பட்ட கல்வி ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர். நமது தேசத்திலுள்ள கல்லூரிகளோ 45,000-க்கு மேல். ஏரி நிரம்பியிருக்கிறது, ஆயக்கட்டு எவ்வளவு என்பதை வாசகர்களே அளந்து கொள்ளலாம்.

யாருக்கு லாபம்?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். களஞ்சியத்தால் லாபமடைவோரை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதல் வரிசையில் நிற்பவர்கள் பெரிய ஸ்தாபனங்கள். ஐ.ஐ.டி.க்களும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும், தேசிய ஆராய்ச்சிசாலைகளும் மதகடி வயல்கள். அவர்களுக்கு இயந்திரமும் உண்டு, நிபுணர்களும் உண்டு, இடையறாத மின்சாரமும் இணைப்பும் உண்டு. களஞ்சியம் இல்லாவிட்டாலும் அவர்கள் காரியம் நின்றுவிடாது. நாட்கள் சில கூடும், அவ்வளவே. பரம் இயந்திரங்கள் சிலவற்றின் உபயோகக் கையேடுகளிலேயே ஸ்பாக்கைக் கையாளும் விதம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே அவர்கள் ஏற்கெனவே நீர் பெறுகிறவர்கள்.

இரண்டாவது, இயந்திர வியாபாரிகள். சில்லு செய்வோரும், கணினி நேரத்தை வாடகைக்கு விடுவோரும் பொதுக் களஞ்சியத்தால் அடையும் லாபம் சிறிதன்று. மென்பொருள் எளிதில் ஓடினால் இயந்திரம் எளிதில் விலைபோகும். அவர்கள் சும்மா இருப்பதாக நாம் குற்றஞ் சாட்டவில்லை. ஸ்பாக்கின் கட்டிய சரக்குகளை வைத்து விநியோகிக்கும் இடத்தை அமேஸான் கம்பெனி தருகிறது. சில்லுக் கம்பெனிகளின் இஞ்சினீயர்களும் குறிப்புகள் எழுதுகிறார்கள். ஆனால் கொடுப்பவன் தன் சரக்கு விற்கும் திசையிலேயே கொடுப்பான் என்பது லோக நியாயம். வாய்க்காலை வெட்டுகிறவன் தன் வயல் பக்கமாக வெட்டினால் அவனைக் கோபித்துப் பயனில்லை. நம் வயல் பக்கமாக வெட்ட நாம்தான் மண்வெட்டி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தன்னை லாபம் பெறுகிறவராக அறியாமலே லாபம் பெறும் பொதுஜனம். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியதை யார் மறப்பார்? ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதையடுத்துத் தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர்க் கொம்யூன் கிராமங்களில் புகுந்தது. இத்தகைய புயலை முன்கூட்டிக் கணிப்பது மீத்திறன் கணினியின் தலையாய வேலைகளுள் ஒன்று. ஆகாயத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றும் வெப்பமும் ஈரமும் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறார்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் கணக்கு ஏறக்குறைய எட்டு மடங்காகும். 2024 செப்டம்பரில் பூனாவில் 11.77 பெட்டாஃப்ளாப் சக்தியுள்ள ‘அர்க்கா’வும், நொய்டாவில் 8.24 பெட்டாஃப்ளாப் சக்தியுள்ள ‘அருணிகா’வும் வானிலைக்கென நிறுவப்பட்டன. 2025 மே மாதத்தில், 12 கிலோமீட்டர்க் கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்த பாரத முன்னறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. நமது வானிலை இலாகா பயன்படுத்தும் முறைகளுள் ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ என்பது அமெரிக்காவில் உருவாகி எல்லோர்க்கும் பொதுவாக விடப்பட்டது. அதுவும் ‘நெட்ஸிடிஎஃப்’ முதலிய பொது நூலகங்களின்மேல் நிற்பது. ஆகவே கடலோரத்துச் செம்படவன் படகை இழுத்துக் கட்டும் செய்திக்குப் பின்னால், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்கள் இருக்கின்றன. இது பெரிய லாபம். ஆனால் இது கொடுக்கப்படும் லாபம். தானே எடுத்துக்கொள்ளும் லாபமன்று.

நான்காவது, கடைமடை. சேதராப்பட்டுப் பட்டறையும், வில்லியனூர் பாகூர்ப் பிள்ளைகள் படிக்கும் சிறு கல்லூரிகளும் இதிற் சேரும். பொதுக் களஞ்சியத்தால் யார் வாழ்வு அதிகமாக மாறக் கூடும் என்று கேட்டால், தயங்காமல் சொல்வோம், இவர்கள்தான். ஐ.ஐ.டி.க்கு அது சில நாட்களை மிச்சப்படுத்தும். நமது நண்பரின் மகளுக்கோ, உண்டா இல்லையா என்ற கேள்வியையே தீர்த்துவைக்கும். நிபுணர் பலரை வைத்துக்கொள்ள முடியாதவனுக்கே நிபுணர் எழுதிவைத்த குறிப்பு அமிர்தம். ஆனால் அதிகத் தேவையுள்ள இவர்களுக்கே மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது. களஞ்சியம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தால் ஓடவிட இயந்திரம் இல்லை. இயந்திரம் இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆள் இருந்தால் கையேடு ஆங்கிலத்தில்.

பொதுக் களஞ்சியத்தில் எல்லாமே இலவசம் என்றும் நினைக்கலாகாது. வக்கீல் என்ற முறையில் இதை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஓப்பன்ஃபோம் போன்றவை, பெற்றவன் பிறர்க்கும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்ற லைசென்ஸில் கிடைப்பவை. வேறு சில எந்த நிபந்தனையுமின்றிக் கிடைப்பவை. பௌதிக சாஸ்திரிகள் மிகுதியும் உபயோகிக்கும் ‘வாஸ்ப்’ போன்றவையோ தனிக் கம்பெனியின் சொத்து. களஞ்சியத்தில் அதற்கும் குறிப்பு உண்டு; அரிசியை மட்டும் நீங்களே விலைகொடுத்து வாங்கி வரவேண்டும்! பணக்காரக் கலாசாலைக்கும் ஏழைக் கலாசாலைக்கும் உள்ள தூரம் அந்த இடத்தில் குறைவதேயில்லை.

சுதேசிக் கேள்வி

“கல்லூரிக்கும் பட்டறைக்கும் அந்நியர் கட்டிய களஞ்சியத்தைக் காட்டுகிறீரே, இது சுதேசியத்துக்கு அடுக்குமா?” என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார்கள். ‘காலியா’ என்ற கப்பல் பிரான்சு தேசத்தில் விலைக்கு வாங்கியது. அதனால் சுதேசியம் கெட்டுவிட்டதா? கப்பல் எங்கே கட்டியதென்பதைக் காட்டிலும், அதை யார் ஓட்டுகிறார்கள், எங்கே ஓட்டுகிறார்கள், வருமானம் யாருக்கு என்பவையே முக்கியம் என்பதை அவர் அறிந்திருந்தார். பொதுக் களஞ்சியம் அக்கப்பலைவிட நமக்கு அனுகூலமானது. கப்பலைப் பார்த்து வேறொரு கப்பலைக் கட்டிவிட முடியாது. மூல நிரலை வாசிக்கலாம், திருத்தலாம், நமது சில்லுக்கேற்ப மாற்றலாம், நாமே வேறு இடத்தில் படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். கிரே கணினியை மறுத்ததுபோல் நாளை ஒருவன் மறுத்தாலும் நம்மிடமுள்ள படியை அவன் பறிக்க முடியாது. எட்டாயிரம் பண்டங்களை நாமே ஆதியிலிருந்து சமைக்கப் புறப்படுவது தேசபக்தியன்று; விறகுச் செலவு.

ஆனால் சுதேசியம் இன்னொரு கடமையை விதிக்கிறது. எடுப்பவன் இடவும் வேண்டும். கையேந்தி மட்டும் நிற்பவன் பங்காளியாக மாட்டான், பயனாளியாகவே இருப்பான். எந்தச் சில்லுக்கு முதலில் கட்டுவது, எந்தக் குறிப்பை விடுவது, எதை மாற்றுவது என்ற யோசனைகளெல்லாம் உழைப்பவர் கூடும் சபையில் முடிவாகின்றன. அச்சபையில் நமது ஆசனம் நாம் போடும் உழைப்பின் அளவினதே.

தூர் எடுப்பவர் யார்?

புதுச்சேரிப் பிரதேசத்தில் ஏரிகள் 84. குடிமராமத்து என்னும் பழைய வழக்கம் குன்றியபின் அவை தூர்ந்துபோன கதை பழங்கதை. 1999 முதல் ஐரோப்பியப் பொருளுதவியோடு அவற்றைப் புதுப்பிக்கத் திட்டம் நடந்தது. அத்திட்டத்தின் உயிர்நாடி பணம் அன்று. ஒவ்வோர் ஏரிக்கும் குடியானவர் சங்கம் அமைத்ததே. தூர் எடுப்பவர் இல்லாத ஏரி எவ்வளவு பெரிதாயினும் ஒரு தலைமுறைக்குள் மேடாகிவிடும்.

மென்பொருள் களஞ்சியத்துக்கும் இது பொருந்தும். 2024 மார்ச் 29-ந் தேதி வெளியான சமாசாரம் ஒன்று உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. ‘எக்ஸ்ஸெட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் இயந்திரங்களில் ஏறத்தாழ எங்கும் இருப்பது, இக்களஞ்சியங்களிலும் இருப்பது. அதைப் பல வருஷங்களாகப் பெரும்பாலும் ஒரே மனிதர், சம்பளமின்றி, ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த காலத்தில் ஒருவன் உதவி செய்வதாக வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பேர் எடுத்து, பொறுப்பைப் பெற்றபின், பிறர் இயந்திரங்களுக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழியை அதில் ஒளித்துவைத்தான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் இஞ்சினீயர், தம் இயந்திரத்துக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால் அக்குட்டு வெளிப்பட்டது. கோடிக்கணக்கான இயந்திரங்களின் க்ஷேமம் களைத்துப்போன ஒரு தொண்டரின் தோளில் நின்றதென்பது எல்லோர்க்கும் வெட்கம். பயன் பொதுவாகவும் பாரம் தனியாகவும் இருக்கும் ஏற்பாடு நிலைக்காது.

செய்ய வேண்டுவன

குறை சொல்லி நிறுத்துவது பத்திரிகை தர்மமாகாது. நமக்குத் தோன்றுவனவற்றைச் சொல்வோம்.

முதலாவது, பொதுஜனப் பணத்தில் எழுந்த நிரல் பொதுஜனங்களுக்கே வந்து சேர வேண்டும். இந்திய ஸர்க்கார் 2015-லேயே திறந்த மூல மென்பொருளை மேற்கொள்ளும் கொள்கையையும், ஸர்க்கார் மென்பொருள்களின் மூலத்தைத் திறந்துவிடும் கொள்கையையும் வெளியிட்டது. 2017-ல் ‘ஓப்பன்ஃபோர்ஜ்’ என்ற இடத்தையும் அமைத்தது. வானிலை, வெள்ளம், மருந்து, விவசாயம் ஆகியவற்றுக்கென நமது ஸ்தாபனங்கள் எழுதும் கணக்கீட்டு நிரல்களும், அவற்றைக் கட்டும் குறிப்புகளும் பொதுக் களஞ்சியத்தில் சேர்வதை மானியத்தின் நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

இரண்டாவது, பரம் இயந்திரங்கள் அனைத்திலும் உள்ள மென்பொருள் ஒரே களஞ்சியமாக, கனடா செய்திருப்பதுபோல், சிற்றூர்க் கல்லூரியின் ஆய்வுக்கூடம்வரை எட்ட வேண்டும். சேதராப்பட்டுப் பெண் தன் மடிக்கணினியில் சிறு அளவில் ஓட்டிப் பார்த்த கணக்கு, திருச்சி இயந்திரத்தில் பெரிய அளவில் மாற்றமின்றி ஓட வேண்டும். அதற்கான நேரத்தில் ஒரு பங்கைச் சிறு கல்லூரிகளுக்கும் சிறு தொழில்களுக்கும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவன் உண்டு. அவனுக்கு ஏரியும் சொந்தமில்லை, வயலும் சொந்தமில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எங்கே கசிகிறது, யார் முறை தப்பிற்று என்பது அவனுக்கே தெரியும். அறுவடையில் அவனுக்குப் பங்கு உண்டு. ஏனெனில் அவனின்றிக் கடைமடை இல்லை. நமது கல்லூரிகளில் இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள், கட்டடத்துக்கு ஒதுக்குகிறார்கள், திறப்பு விழாவுக்கும் ஒதுக்குகிறார்கள். நீர்க்கட்டிக்கு ஒதுக்குவதில்லை. மென்பொருளை ஏற்றிப் பராமரித்து, மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுத்து, களஞ்சியத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பும் ஒருவருக்கு நிரந்தரமான உத்தியோகமும் மரியாதையான சம்பளமும் வேண்டும். பல கல்லூரிகள் கூடி ஒருவரை வைத்துக்கொண்டாலும் போதும். இதைச் செய்யாமல் வாங்கும் இயந்திரம் பூட்டிய அறையில் தூசி பெறும்.

நான்காவது, தமிழில் கையேடு. இது ஸர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டிய காரியமன்று. புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் பல காலமாகக் கிராமத்து மாணாக்கர்க்கு இலவசமாகக் கற்பித்து வருகிறார்கள். கொடி பிடிக்கவும் கூட்டம் கூட்டவும் அறிந்த நமது காரியகர்த்தர்கள் இவ்விளைஞர்களுக்கு ஒரு கூடமும், சில கணினிகளும், கொஞ்சம் ஊக்கமும் தேடிக்கொடுத்தால் அது மிகப் பயனுள்ள தேச சேவையாகும்.

நண்பரின் கேள்விக்கு நமது விடை இது. பொதுக் களஞ்சியம் யாருக்கென்று அதன் கதவில் எழுதியிருக்கவில்லை. வாய்க்கால் வெட்டியவர்க்கும், தூர் எடுத்தவர்க்கும், நீர்க்கட்டி வைத்தவர்க்கும் அது உரியது. மற்றவர்க்கு அது தூரத்திலே மினுக்கும் ஏரி.

மூன்று வாரம் போராடிய அப்பெண்ணின் கணக்கு முடிவில் ஓடிற்று. நாம் விடைபெறும்போது அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். எந்தக் கட்டளைக்குப்பின் எந்தக் கட்டளை, எங்கே தவறும், தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் தமிழில் எழுதி, அடுத்த வருஷத்து மாணாக்கர்க்குக் கொடுக்க வைத்திருக்கிறாள். “எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர்களுக்கு மூன்று மணி நேரம் போதும் ஐயா” என்றாள்.

ஒரு கூடைத் தூர்! அவள் எடுத்துவிட்டாள். அடுத்த கூடை யாருடையது?